கட்டாத தொண்டை

சனிக்கிழமை காலை, கஞ்சிக் கிண்ணத்தின் மேல் குனிந்திருந்த பியோவின் காதருகே வந்து பாஸ்டர் யாங் ஏதோ சொன்னார். சொன்னார் என்பதைவிடக் காற்றை ஊதினார் என்பதே சரி. முந்தின மாலை ஜெபத்தில் அவருடைய தொண்டை போயிருந்தது.

"டப்பாவைக் காணோம், இன்ஸ்பெக்டர் ஐயா."

பியோவின் மனைவி ஓக்பூன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். போலீஸ்காரரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு திருட்டுக்கும் வழியில்லாமல் வீட்டில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஒரு வழக்கு வந்திருக்கிறது, அதைப் பற்றிப் பேசத் தொண்டையில்லை. அவள் குரலும் நேற்றே போய்விட்டது.

காணாமல் போன டப்பாவில் இருந்தவை எல்லோருடைய செல்போன்களும். கொரியாவின் காங்வோன் மலையிலிருக்கும் அந்த ஜெப வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மதியம் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஞாயிறு மதியம்வரை உலகம் வேண்டாம் என்று போன்களை அணைத்துப் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டார்கள். கூடையை யாரோ மறந்துவிட்டதால், சமையலுக்குக் கொண்டுவந்திருந்த காலி கிம்ச்சி ஊறுகாய் டப்பா ஒன்றில் போட்டு மூடினார்கள். கழுவியும் போகாத பூண்டு வாடையில் போனைப் போட எல்லோரும் முகம் சுளித்தார்கள். தாக் அம்மா மட்டும் சுளிக்கவில்லை. எழுபதைத் தாண்டிய அந்த அம்மா தன் போனை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு அணைத்து உள்ளே போட்டாள். தோளிலிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து, குளிரில் நின்ற மருமகள் ஹேரிமுக்குப் போர்த்திவிட்டு உள்ளே போனாள்.

டப்பா மண்டபத்தை ஒட்டிய பாஸ்டரின் அறையில் இருந்தது. மாலை ஜெபத்துக்குப் போகும்போது பார்த்தாராம், திரும்பி வந்தபோது இல்லை. இடையில் நடந்தது அந்தக் கூட்டு ஜெபம்தான். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று மூன்று முறை கூவி, அப்புறம் அவரவர் வேண்டுதலை அவரவர் உச்சக் குரலில் கத்துவார்கள். கூரை பறந்தாலும் தெரியாது. வெளியே இருந்த ஒரே ஆள், தரைக்குச் சூடேற்றும் அடுப்புக்கு விறகு போடும் காவலாள் மேங்.

ஆகவே சபை மூப்பர்களின் விரல் மேங் பக்கம் திரும்ப அதிக நேரம் ஆகவில்லை. ஒரு பையோடு வந்து இந்த இடத்தில் ஒண்டிக்கொண்ட மனிதன், பனிக்காலம் வேறு வருகிறது. அவன் அறையைத் தலைகீழாகப் புரட்டினார்கள், கிழிந்த சாக்ஸும் ஒரு ரேடியோவும்தான் கிடைத்தன. கிடைக்காததே அவன் கெட்டிக்காரன் என்பதற்குச் சாட்சி என்றார் ஒரு மூப்பர். மதியச் சாப்பாட்டுக்குள் டப்பா வராவிட்டால் ஆபீஸ் போனிலிருந்து போலீசைக் கூப்பிட்டு அவனைக் கீழே இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று.

விசாரணை ஓக்பூனின் பொறுமையைச் சோதித்தது. யாரைக் கேட்டாலும் கண்ணை மூடியிருந்தேன் என்றார்கள், அதையும் கிணற்றுக்குள்ளிருந்து தவளை கத்துவது போலச் சொன்னார்கள். பாதிக் கேள்வியில், "முதல்ல இதுக்காக ஜெபம் பண்ணிடலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பியோ வாயை மூடித் தலை குனிவார். அவர் பேசுவதாக இல்லை, பேசத் துடிக்கும் அவளால் முடியவில்லை. ஆண்டவரே, இது என்ன நியாயம் என்று அவளுக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது.

ஹேரிமிடம் கேட்டபோது, "அத்தை பக்கத்துலதான் இருந்தேன். கத்திக் கத்தி அழுதேன்," என்றாள். காலை ஆராதனையில் அவள் பாடியதை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் இருமிக்கொண்டிருக்க அவள் குரல் மட்டும் மலையுச்சிக்குப் போனது, கிருபை என்றார்கள். வேதம் வாசிக்கவும் ஆளில்லை என்று தாக் அம்மாவே கரகரத்த குரலில், கையளவு பைபிளைக் கண்ணாடி இல்லாமல் கடகடவென்று வாசித்தாள்.

பத்து மணிக்கு ஓக்பூன் பொறுக்க முடியாமல் கணவனைத் தூணோரம் இழுத்து, காற்றுக் குரலில் சீறினாள்.

"எல்லாருக்கும் தொண்டை கட்டியிருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி மணி மாதிரி இருக்கு? ஜெபம் முழுக்க என் தோள்ல சாஞ்சு தூங்கினா எப்படிக் கட்டும்?"

பியோ அவளையே பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லு."

"வெக்கமில்ல உங்களுக்கு?"

"அது இல்லடி, அதுக்கு முன்னாடி சொன்னது," என்றவர், விறுவிறுவென்று சமையற்கட்டுக்கு நடந்தார்.

அங்கே கிம்ச்சி ஃப்ரிட்ஜில் சபைப் பெண்கள் கொண்டுவந்த டப்பாக்கள் ஒரே நிறத்தில் வரிசையாக இருந்தன. ஒன்று தீராமல் அடுத்ததை யாரும் திறக்கமாட்டார்கள், காற்றுப் பட்டால் புளித்துவிடும். பியோ திறக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அடியிலிருந்த ஒன்றை இரண்டு முறை தூக்கினார். பிறகு எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி மூடிவிட்டார்.

"கிடைச்சுதா?"

"கிம்ச்சின்னா இவ்வளவு லேசா இருக்காது. வாயைத் திறக்காதே. ஹேரிமைக் கூட்டிட்டு வா, நீயும் கூட இரு."

கொல்லைப்புறத்தில், சோயா ஜாடிகளுக்கு நடுவே அந்தப் பெண் சால்வையை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். பியோ அதட்டவில்லை.

"நேத்து கத்திக் கத்தி அழுதேன்னு சொன்னியேம்மா. பாஸ்டருக்குத் தொண்டை இல்ல, என் வீட்டுக்காரிக்கு இல்ல, உன் அத்தைக்கும் இல்ல. உன்னோடது மட்டும் காலைல அவ்வளவு மேல போச்சு. இங்க கட்டாத தொண்டை மூணு. மேங் உள்ளேயே வரல, நான் தூங்கிட்டேன். நீ எங்கம்மா இருந்தே?"

அவள் பக்கத்து ஜாடியின் மூடியைச் சரிசெய்தாள்.

"மேங் எடுத்திருந்தா ஒளிச்சு வைக்க மலையே இருக்கு. பொம்பளைங்க விடியறதுலேர்ந்து நிக்கிற சமையற்கட்டுல கொண்டு வைக்கமாட்டான். இது ராத்திரி அவசரமா வச்சுட்டு, காலைல வந்து ஏதோ பார்த்துட்டுத் திருப்பி வைக்கலாம்னு நினைச்சவங்க வேலை. ஆனா தனியா நுழைய முடியல. சரிதானே?"

ஹேரிம் அழ ஆரம்பித்தாள். ஐந்து வருஷமாக மாமியாரோடு ஒரே வீடு. வெள்ளிக்கிழமை காலை, கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவ வைத்தாள் என்று ஆரம்பித்த சண்டை. பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து மாமியாருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டாளாம். அடுத்த மாசம் தனியாகப் போகிறோம், இனி உங்களோடு என்னால் இருக்க முடியாது என்று. தன் போனைக் கொடுக்கும்போது பார்த்தாளாம், படிக்கவில்லை என்று காட்டும் அந்த ஒன்று என்ற எண் மெசேஜ் பக்கத்தில் அப்படியே இருந்தது.

"அனுப்பினதை நான் என் போன்லேர்ந்து அழிக்கிற நேரமும் தாண்டிப் போச்சு. அதுக்கப்புறம் இந்தச் சால்வையைப் போட்டுவிட்டாங்க. ராத்திரி சாப்பாட்டுல முள் எடுத்து மீனை என் சோத்துல வச்சாங்க, அஞ்சு வருஷத்துல செய்யாதது. அவங்க அதைப் படிக்கக் கூடாதுய்யா. அவங்க போன்லேயே அழிச்சிடலாம்னு போனேன், இருட்டுல அதைத் தேட முடியல, அதான் டப்பாவோட தூக்கிட்டேன். மேங் அண்ணனைச் சொல்லுவாங்கன்னு நினைக்கவே இல்ல. நான் போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சொன்னா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க," என்றார் பியோ. "உன் அத்தை முன்னாடி என்ன சொல்லுவே?"

மதியம் எல்லோரையும் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து அவர் எழுந்தார். ஓக்பூன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எவ்வளவு நாளாயிற்று அவர் இப்படி எழுந்து நின்று!

"டப்பாவை எடுத்தது நான்தான்," என்றார். "கிம்ச்சி ஃப்ரிட்ஜ்ல அடியில இருக்கு. பேஸ்பால் பைனல் ஸ்கோர் பார்க்கணும்னு ஆசை. மேங், மன்னிச்சுக்கோ."

 "அப்போ காலைலேர்ந்து விசாரிச்சது?" என்று ஊதினார் பாஸ்டர்.

"அது பழக்கதோஷம்."

எல்லோரும் நம்பினார்கள். எவ்வளவு சுலபமாக நம்பினார்கள் என்பதுதான் ஓக்பூனைச் சுட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஜெபம் முழுக்க அந்தத் தலை தன் தோளில் கனத்துக்கொண்டிருந்தது என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஹேரிம் பாதி எழுந்தாள், பியோ ஒரு பார்வையில் உட்காரவைத்தார். பாஸ்டர் மேங்கின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். பிறகு வழி தவறிய சகோதரனுக்காக முப்பது கரகரத்த தொண்டைகளும் சேர்ந்து ஜெபம் செய்தன. டப்பாவை அதன்பின் பாஸ்டர் மடியைவிட்டு இறக்கவேயில்லை. ஹேரிமால் நெருங்கவும் முடியவில்லை.

ஞாயிறு மதியம் பஸ்ஸில் போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பியோவுக்கும் ஓக்பூனுக்கும் நேர் முன்சீட்டில், மாமியார் பக்கத்தில் ஹேரிம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். தாக் அம்மா போனை உயிர்ப்பித்து, திரையைப் பார்க்காமலே மருமகள் மடியில் வைத்தாள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. ஒண்ணும் தெரியமாட்டேங்குது. வேண்டாதது ஏதாவது வந்திருந்தா நீயே அழிச்சிடு."

அப்புறம் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

ஓக்பூனுக்குக் கையளவு பைபிள் நினைவுக்கு வந்தது. அவள் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"மெசேஜைத் திறந்தாத்தான் அந்த ஒண்ணு மறையும்," என்றார் பியோ அவள் காதில். "பூட்டின திரையிலேயே ரெண்டு வரி தெரியும். டப்பாவில போடறதுக்கு முன்னாடியே படிச்சுட்டாங்க."

"சால்வை?"

"படிச்ச பிறகு."

முன்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. உரித்த ஆரஞ்சில் பாதி பியோவுக்கு வந்தது. தாக் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஓக்பூன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவளுக்குக் குரல் திரும்பியது. அன்றே பக்கத்து வீட்டுக்காரி போனில் பிடித்துக்கொண்டாள். சபை முழுக்கப் பேச்சாமே, கேவலம் ஒரு பேஸ்பாலுக்காக உன் வீட்டுக்காரர் இப்படிச் செய்யலாமா என்றாள். ஓக்பூன் வாயைத் திறந்தாள். வராந்தாவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கணவனின் முதுகைப் பார்த்தாள்.

"என்ன செய்யறது," என்றாள். "அவருக்குப் பேஸ்பால்னா பைத்தியம்."