குருட்டு ஓலைகள்

எயினியின் இடது தோள் செத்துப் போயிருந்தது. விடியலிலிருந்து வெள்ளாற்றுக்கும் பாசறை அடுக்களைக்கும் நாற்பது நடை. நடைக்கு ஒரு குடம். மேற்கே செம்பொற்குழம்பாய்க் கதிரவன் கரைந்துகொண்டிருக்க, கரையோர நாணல்கள் வெண்சாமரம் வீச, வெள்ளாறு ஓர் அரசிளங்குமரியைப் போல ஒயிலாக அசைந்து சென்றது என்று வருணிக்க நமக்கும் ஆசைதான், அன்பு வாசகர்களே! ஆனால் குடம் சுமப்பவளுக்கு ஆறு என்பது மேட்டில் ஏற்ற வேண்டிய பாரம். அவ்வளவுதான்.

அன்று தோளைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது. ஓலைச்சாலைக் கூடாரத்தின் முன்னே நின்ற வேம்பில் விடங்கன் கட்டுண்டு கிடந்தான். அந்த வாயிலைக் காத்தவன் அவன். எயினியை மணப்பதாக வாக்களித்தவனும் அவனே. இளவரசி கொற்றநங்கையின் படை ஆற்றைக் கடக்க மூன்று முறை துறை குறித்தது. மூன்று முறையும் பகைவர் அதே துறையில் வில்லும் அம்புமாக முன்கூட்டியே காத்திருந்தனர். இரகசிய ஓலைகள் எழுதப்படும் கூடாரத்துக்கு ஒரே காவலன் விடங்கன். ஆகவே காட்டிக் கொடுத்தவனும் அவனே என்று முடிவாயிற்று. நிலவு எழுந்ததும் அவன் தலை விழ வேண்டும் என்று ஆணையும் பிறந்தது.

எயினி அவன் வாயில் தண்ணீர் வார்த்தாள்.

"வெத்தலை வெச்சிருக்கியா?" என்றான் விடங்கன்.

"தலையே போகப் போகுது, வெத்தலை கேக்குதா உனக்கு?"

"போற தலை வாய் சிவந்து போகட்டுமேடி!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, எயினி மடியிலிருந்து வெற்றிலையையும் சுண்ணாம்பு மடித்த ஓலை நறுக்கையும் எடுத்தாள். அண்டா துலக்கிய கை, விரலெல்லாம் கரி. அவள் நறுக்கைப் பிரித்துத் தேய்த்த இடமெல்லாம் வெற்று ஓலையில் கரிய எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

காவலில் நின்று நின்றே எழுத்துக் கூட்டக் கற்றவன் விடங்கன். தலையைச் சாய்த்துப் படித்தான். "'நடுத்துறையில் யானைகள் முன்செல்க'... அடியே! இது போன வாரத்து ஆணை. ஓலைநாயகம் கேசவனாரோட கையெழுத்து. உனக்கு ஏது இது?"

"சுண்ணாம்புக்காரன் மடிச்சுக் கொடுத்தான். எல்லாருக்கும் இப்படித்தான் கொடுக்கிறான்."

"அவனுக்கு ஏது?"

"உங்க கூடாரத்துப் பின்பக்கமா அடுப்பெரிக்க தெனம் ஒரு கூடை வருதே! அதுல பாதிய அவன் அள்ளிக்குவான். அதுக்குப் பதிலா அடுக்களை ஆளுகளுக்கு ஓசிச் சுண்ணாம்பு."

விடங்கன் கட்டுண்ட நிலையிலும் வாய்விட்டுச் சிரித்தான். "முன்வாசல்ல ஒரு ஈயை விட்டிருப்பேனா நான்? பின்வாசல்ல கூடை கூடையா போயிருக்கு!"

நடந்தது இதுதான், வாசகர்களே. எழுத்தாணியால் ஓலையில் கீறுவார்கள். பிறகு மை தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் துலங்கும். பிழைபட்ட ஓலைக்கு மையை வீணாக்குவானேன் என்று அப்படியே கூடையில் எறிவது ஓலைச்சாலை வழக்கம். அதற்குக் 'குருட்டு ஓலை' என்று பெயர் வேறு!

எயினி குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தாள். இளவரசியின் கூடாரத்துக்குள் நேராக நடந்தாள். நான்கு காவல் அடுக்குகள், ஒருவனும் தடுக்கவில்லை. தண்ணீர்க்காரியை யார் தடுப்பார்கள்?

"தேவி! விடங்கன் குத்தமத்தவன். தலையை வெட்டிட்டா ஒட்ட முடியாது. ஓலைச்சாலைக் குப்பைக் கூடையைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்று நறுக்கை நீட்டினாள்.

இளவரசி நிமிர்ந்தாள். அருகில் நின்ற ஓலைச்சாலைத் தலைவர் கேசவனார் பதறினார். "தேவியார் மன்னிக்க வேண்டும். மையிடாத ஓலை குருடு. முப்பது ஆண்டுகளாக எம் ஓலைச்சாலையிலிருந்து ஓர் எழுத்தும் வெளியே போனதில்லை. குடம் சுமப்பவளுக்கு ஓலையின் இலக்கணம் தெரியுமோ?"

"கரியைப் பத்தி எனக்குத் தெரியுங்க" என்றாள் எயினி.

அடுக்களைக்கு இன்னும் போகாத அன்றைய கூடை வந்தது. இளவரசியே ஓர் ஓலையை எடுத்தாள். எயினி உள்ளங்கையால் அதன்மேல் ஒருமுறை தேய்த்தாள். விளக்கொளியில் பிடித்து இளவரசி உரக்கப் படித்தாள்:

"'அன்புள்ள இல்லாளுக்கு. இங்கே சோறு வாய்க்கு ருசிக்கவில்லை. இளவரசிக்குக் கோபம் வந்தால் மதயானை தேவலாம்...' கேசவனாரே, இது எந்தப் போரின் இரகசியம்?"

சேடியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினர். இரண்டாவது ஓலை சிரிப்பை நிறுத்தியது. மறுநாள் மேலைத்துறையில் கடப்பதென்ற ஆணையின் பிழைபட்ட படி அது.

"காவலனை அவிழ்த்துவிடுங்கள்!" என்றாள் இளவரசி. "சுண்ணாம்புக்காரனை ஒருவரும் தொடக் கூடாது. கேசவனாரே, கீழைத்துறை என்று எழுதும். இன்று உமது வழக்கப்படியே எறியும்."

வெள்ளித் தட்டாய் நிலவு எழுந்தபோது, கூடைக்குள் கைவிட்டுத் துழாவிய சுண்ணாம்புக்காரன், மடியை இறுக்கிக்கொண்டு நாணல் மறைவில் ஆற்றில் இறங்கி நீந்தினான். எயினியும் விடங்கனும் கரை மேட்டில் படுத்தபடி பார்த்திருந்தனர்.

"நல்லா நீந்துறான்" என்றாள் எயினி.

"பாவம், குளிர்ல போறான்" என்றான் விடங்கன்.

மறுநாள் பகைவர் கீழைத்துறையில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கொற்றநங்கையின் படை மேலைத்துறையில் முழங்கால் நீரில் கடந்து அவர்களின் முதுகுப்புறம் போய் நின்றது. பொழுது உச்சிக்கு ஏறுமுன் போர் முடிந்தது. சிறைப்பட்டோர் வரிசையில், விரலிடுக்கில் சுண்ணாம்புக் கறை போகாத ஒருவன் பட்டாடை உடுத்தி நின்றான். பகையரசனின் ஒற்றர் தலைவன் அவனே என்று அப்போதுதான் தெரிந்தது. "உங்கள் ஓலைச்சாலை போல வசதியான இடத்தில் நான் வேலை பார்த்ததே இல்லை" என்று அவன் மனம் உருகிச் சொன்னான்.

அன்று முதல் பிழைபட்ட ஓலை ஒவ்வொன்றும் விடங்கன் கண்முன் எரிந்து சாம்பலாக வேண்டும் என்று சட்டமாயிற்று. எயினிக்கும் அவனுக்கும் அக்கரையிலேயே மணம் நடந்தது. இளவரசி பொன்வளை தந்தாள். கேசவனார் நீண்டதொரு வாழ்த்துப்பா எழுதி, மறவாமல் மையும் தடவித் தந்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா ஒண்ணு பாக்கி நிக்குதே?" என்றாள் எயினி.

"எது அம்மா?"

"உங்க தப்புக்கு இவர் ஒரு பகல் முழுக்க மரத்துல கட்டுண்டு நின்னார். 'மன்னிச்சுக்கோ'ன்னு நீங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை."

கேசவனார் இருமினார். ஆற்றில் நீர் குறைந்திருப்பதாகச் சொன்னார். அதன்பின் அவர் எத்தனையோ ஆணை எழுதினார், எத்தனையோ பா எழுதினார். விடங்கனுக்கு அவர் தர வேண்டிய அந்த ஒரு மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.