பின்னறையில் வசிப்பவள்

அந்தப் புதன்கிழமை பிற்பகல், கிளென் வேவர்லி வீட்டில் நாலு பேர் இருந்தோம். குசினிப் பக்கக் கதிரையில் வீட்டுக்காரி சந்திரகலா. அவளுக்கு எதிரே, கையில் கோப்போடு, பாடசாலையிலிருந்து வந்த அலுவலர். யன்னலோரம் நான். என் இடப்பக்கம், முழங்கை தொடும் தூரத்தில், என் மகள் நிரூபா, வயது பதினான்கு. என் மனைவி யோகா முதியோர் இல்லத்தில் வேலைக்கு நின்றாள். வேறு ஒருவரும் அந்த வீட்டில் இல்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது.

நாங்கள் இருப்பது நோபிள் பார்க்கில், இரண்டறை பிளாற்றில். நல்ல பாடசாலை தன் எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளைத்தான் சேர்க்கும். அந்த எல்லை எங்கள் தெருவுக்கு வெகுதூரம் முன்னதாகவே முடிந்துவிடும். எல்லைக்குள் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கவும் எங்களால் முடியவில்லை. அதனால் யோகாவின் ஒன்றுவிட்ட தங்கை சந்திரகலா தன் விலாசத்தைத் தந்தாள். நிரூபா அவள் வீட்டுப் பின்னறையில் இருப்பதாகப் பத்திரம் கொடுத்தோம். எங்கள் ஆட்களில் இப்படிச் செய்தது நாங்கள்தான் முதலாவது என்றில்லை. சோதிக்க வந்தால் காட்டுவதற்காகக் கட்டில், மேசை, சீருடை, பாதி செய்த கணக்குக் கொப்பி எல்லாம் வைத்தோம். பல் தீட்டும் பிரஷைக்கூட யோகா நனைத்து வைத்திருந்தாள்.

அலுவலர் எழுந்து தனியே பின்னறைக்குப் போனார். நாங்கள் மூவரும் அசையாமல் இருந்தோம். உள்ளே அவர் பேசுவது கேட்டது. போனில் கதைக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சிரிப்பு.

அது பெரியவரின் சிரிப்பு அல்ல.

அலுவலர் திரும்பி வந்து கோப்பை மூடினார். “நல்ல பிள்ளை. தானே அறையைக் காட்டினாள். கொஞ்சம் தனிமை போலிருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கத்திலிருந்த நிரூபாவைப் பார்த்து, “இவள் அவளின் தங்கையா?” என்றார்.

பாடசாலை இடம் பறிபோய்விடும் என்ற பயத்தில் சந்திரகலா “யெஸ்” என்றாள். நானும் தலையாட்டினேன்.

அலுவலர் போனபின் பின்னறையைத் திறந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. பிரஷ் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. யோகா அதை நனைத்தது காலையில்.

பாடசாலையில் நிரூபா மதியச் சாப்பாட்டைத் தனியே சாப்பிடுகிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும். ஏன் என்று கேட்டிருக்கிறேன்.

“எங்க இருக்கிறாய் எண்டு கேப்பினம் அப்பா. பொய் சொல்லவேணும். பிறகு வீட்டை வரட்டோ எண்டு கேப்பினம். கதைக்காம இருந்தா ஈஸி.”

வகுப்பாசிரியருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில், எழுத்துக்கு எழுத்து: சிநேகிதிகளை வீட்டுக்கு அழைக்க ஊக்குவியுங்கள். எந்த வீட்டுக்கு என்று கேட்டு மூன்றாவது கடிதம் எழுதி, நானே கிழித்துப் போட்டேன்.

அலுவலர் வந்துபோன அடுத்த வாரமே நிரூபா வீட்டுக்குப் பிந்தி வரத் தொடங்கினாள். சந்திரகலா போன் எடுத்தாள்.

“அத்தான், இவள் பள்ளிக்கூடம் விட்டு இஞ்சதான் வாறாள். பின்னறையைப் பூட்டிக்கொண்டு கதைக்கிறாள்.”

“போனிலயோ?”

“போன் இஞ்ச, என்ர மேசையில கிடக்குது.” அவள் குரல் இறங்கியது. “மற்றக் குரலும் கேக்குது அத்தான்.”

உடனே போனேன். நடைவழியில் ஈரக் கம்பளி மணத்தது. கதவுக்குப் பின்னால் இரண்டு சிரிப்பு. தட்டினேன்.

ஒன்று நின்றது.

நிரூபா கதவைத் திறந்துவிட்டுப் போய்க் கட்டிலில் இருந்தாள். மேசையில் கணக்குக் கொப்பி கடைசிப் பக்கம் வரை செய்து முடிந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் மெத்தை பள்ளமாகிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அது மெல்ல மேலெழுந்தது.

“ஆரம்மா இஞ்ச இருந்தது?”

“இஞ்ச இருக்கிற நிரூபா.”

“விசர்க்கதை கதையாத.”

“அவளுக்கும் ஒருத்தரும் இல்லை அப்பா. நீங்கள்தானே கொண்டுவந்து வைச்சிட்டுப் போட்டியள்.”

அதன்பின் எங்கள் பிளாற்றில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அது மற்றவளின் பெயராம். வெள்ளிக்கிழமை தன் உடுப்புகளைப் பையில் அடுக்கினாள். பின்னறைக்குப் போய் அங்கேயே இருக்கப் போகிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை அதிபருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். யோகா பேனையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதைப் போட்டா பள்ளிக்கூடம் போயிடும். இதுக்கோ இவ்வளவு பாடுபட்டனாங்கள்?”

“பள்ளிக்கூடம் போகட்டும். பிள்ளையை விடேலாது.”

பேனையை விட்டாள். எழுதினேன்: எங்கள் மகள் அந்த விலாசத்தில் ஒருநாளும் வசிக்கவில்லை. அந்தப் பின்னறையில் ஒருவரும் இல்லை. கடித உறையின் பின்புறம் எங்கள் உண்மையான விலாசத்தை எழுதினேன். ஒட்டினேன். நிரூபாவைக் காரின் முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு ஸ்ரேஷன் அருகே உள்ள தபாற்பெட்டிக்குப் போனேன். வெயில் இன்னும் தாழவில்லை.

காரை நிறுத்தும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் சந்திரகலா.

“என்ன செய்தனீங்கள் அத்தான்? அறைக்குள்ள பிள்ளை அழுகிறாள். ‘என்னை எங்க போகச் சொல்றார் அப்பா’ எண்டு கேக்கிறாள்.”

பின்னால் அந்த அழுகை எனக்கும் கேட்டது. அது என் மகளின் குரல்.

என் மகள் என் பக்கத்தில் இருந்தாள். போனுக்குக் கிட்டக் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

“எங்கட வீட்டை வா. என்ர அறையில இடம் இருக்கு.”

அழுகை நின்றது.

நான் இறங்கினேன். கடிதத்தைப் பெட்டிக்குள் தள்ளினேன். அது அடியில் விழும் சத்தம் கேட்டது. அதே கணம், திறந்து கிடந்த என் கதவு வழியே காரின் மணி விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கியது. பின்சீற்றில் ஒருவர் பெல்ற் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

நிரூபா திரும்பிப் பார்க்கவில்லை.

“பெல்ற்றைப் போடு” என்றாள்.

மணி நின்றது.