வழி மாறிய மிளகு ரசம்

நஜ்மாவின் அத்தாவுக்குக் கண்கட்டி வந்தது. அவ்வளவுதான், தெருவே பரபரப்பாகிவிட்டது.

அத்தா ஜப்பார், சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை பார்ப்பவர். பூந்தமல்லி வைத்தியர் அவருடைய மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார்.

"பித்தம் ஏறிக்கீது. வாதம், பித்தம், கபம் மூணும் அதது அளவுல இருக்கணும். காலையில ஒரு டம்ளர் மோர் குடி. ஜாஸ்தி வேணாம்."

அந்த 'ஜாஸ்தி வேணாம்' மட்டும் தெருவின் காதில் விழவே இல்லை.

பக்கத்து வீட்டுத் தங்கவேல் மாமா இளநீரோடு வந்தார். "குடி அண்ணாத்தே, சூடு எறங்கிடும்." காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அத்தாவுக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. நீட்டியதையெல்லாம் குடித்தார்.

கண்கட்டி அமுங்கியது. தும்மல் கிளம்பியது.

"ஐயோ, குளிர்ச்சி ஏறிப்போச்சே!" என்று பதறினார் எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா. உடனே ஒரு தூக்கு நிறைய மிளகு ரசம் வந்தது. அதைக் குடித்ததும் அத்தாவின் வாயெல்லாம் புண். அதைப் பார்த்த தங்கவேல் மாமா மறுபடியும் இளநீருக்கு ஓடினார். மறுபடியும் தும்மல்!

நஜ்மாவுக்கு அழுகை முட்டியது. பிரசவத்துக்குப் பாரிவாக்கத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்த அம்மா, வெள்ளிக்கிழமை தம்பிப் பாப்பாவோடு வருகிறாள்.

"மூக்கு ஒழுகிகினு பச்சப்புள்ளய எப்படிம்மா தூக்குவேன்?" என்றார் அத்தா.

"இனிமே வேணாம்னு சொல்லிடுங்க அத்தா."

"ஆசையா எடுத்துகினு வர்றாங்க. மனசு நோவுமே."

நஜ்மா வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் இளநீரும் மிளகு ரசமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

"ஹச்!" என்று தும்மினார் தங்கவேல் மாமா. அவருக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. கன்னியம்மா அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டார். பஜ்ஜிக் கடை அடுப்பின் முன்னால் நின்று நின்று அவர் கண்கள் சிவந்து கிடந்தன.

நஜ்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமாவின் இளநீரை வாங்கி அக்காவிடம் கொடுத்தாள். அக்காவின் தூக்கை வாங்கி மாமாவிடம் கொடுத்தாள்.

"இன்னா புள்ள பண்றே? இது உங்க அத்தாவுக்கு!"

"அத்தாவுக்கு வைத்தியர் சொன்ன மோர் போதும் மாமா. உங்க மூக்கப் பாருங்க. அக்கா கண்ணப் பாருங்க. உங்களுக்கெல்லாம் யாரு குடுக்கறது?"

கன்னியம்மா அக்கா இளநீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னை இப்படி யாரும் கேட்டதில்லடி கண்ணு" என்றார் மெதுவாக. பிறகு ஒரே மூச்சில் குடித்தார்.

தங்கவேல் மாமா ரசத்தை உறிஞ்சினார். "யப்பா! மூக்கு தொறந்துகிச்சு!"

வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். அத்தா கையைக் கழுவிக்கொண்டு, பயந்து பயந்து பாப்பாவைத் தூக்கினார். அது அவருடைய விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

வாசலில் நிழல் தெரிந்தது. இளநீரோடு மாமா, தூக்கோடு அக்கா! நஜ்மா ஓடிப்போய்க் கைகளை விரித்து வழியை மறித்தாள்.

"இது உங்க ஊட்டுக்கு இல்ல புள்ள" என்றார் மாமா. இருவரும் கையிலிருந்ததை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, பாப்பாவைப் பார்க்க உள்ளே வந்தார்கள்.

அத்தா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு தும்மல்கூட வரவில்லை.