இருபது மீட்டர் தள்ளி

ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளைச் சேற்றை ரெஷ்மா துடைத்தாள். கையை எடுத்ததும் மறுபடி படிந்தது. வெளியே மழை கழுவிய கண்ணாடி பளிச்சென்றிருந்தது. சேறு உள்பக்கம்.

பெருங்கடவிளைக்கு மேலே, கல்குவாரியின் தகர ஆபீஸ் அது. மதியம் மூன்று மணி. பாறைக்கு மேலிருந்து வெட்டிய மண்ணையும் கிரஷர் பொடியையும் குழிக்குள்ளேயே திருப்பி நிரப்பிப் புல் வளர்க்கவேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுத்த சுரங்க இன்ஜினியர் அவள்தான். கம்பெனி ஒரு லோடுகூடத் திருப்பிப் போடவில்லை. எல்லாவற்றையும் ஆபீசுக்குப் பின்னால் மலையாகக் குவித்தது. பத்து நாள் முன்பு பெய்த மழையில் அது சரிந்தது. 'மேடு உறுதியாக உள்ளது, ஆட்சேதம் இல்லை' என்று இன்று அவள் கையெழுத்திட வேண்டும்.

"ஒப்பு போட்டா எறங்கலாம் மேடம்," என்றான் மேனேஜர் ஜெயன். பின்சுவர்ப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"சரிஞ்சப்போ அடியில ஆரு நின்னா?"

"ஆரும் இல்ல."

"அங்க ஷெட்டுல தங்கினவங்க?"

"ஒடிசாக்காரங்களா? ஊருக்குப் போயாச்சு."

"வெறுங்காலோடயா? ஷெட்டு வாசல்ல செருப்பெல்லாம் அப்படியே கெடக்குல்லா."

ஜெயன் ஜீப் சாவியைக் கையில் எடுத்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது; மழைக்கு அடியில், கல்லோடு கல் உரசி, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல நிதானமாக நெருங்கி வந்த சத்தம். ரெஷ்மா எட்டிப் பார்த்தாள். காலையில் மேட்டின் அடியில், ஆபீசிலிருந்து இருபது மீட்டர் தள்ளி, அவள் ஊன்றிய சிவப்புக் குச்சிகளைக் காணோம். மேடு ஆபீசை ஒட்டிய கக்கூஸ் வரை வந்திருந்தது. சரியவில்லை. உச்சியில் முளைத்த செடிகள்கூடச் சாயவில்லை.

நகர்ந்திருந்தது.

"போட்டிருங்க மேடம். எனக்கு ரெண்டு பிள்ளைய உண்டு."

"பொய்யில ஒப்பு போடமாட்டேன். அது உறுதியாக்கும்."

அச்சடித்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: மேடு உறுதியில்லை. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். தோண்ட வேண்டும். படம் எடுத்துக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது.

ஜெயன் ஓடினான். ஜீப் உறுமியது. பாதியில் நின்றது.

வெளிச்சம் போனது. பின்தகரம் உள்நோக்கிப் புடைத்தது. வெடிமருந்து வாடை. ஈரக்கல் வாடை. அதற்குள் பீடி, வியர்வை.

ரெஷ்மா ஓடவில்லை. பின்கதவைத் திறந்தாள்.

ஒரு சாண் தூரத்தில் வெள்ளைச் சுவர். கூரைக்கும் மேலே. அது மூச்சு விட்டது.

"உள்ள எத்தன பேரு உண்டு?" சுவரைப் பார்த்துக் கேட்டாள். "எண்ணாம போவமாட்டேன்."

சேறு வீங்கியது. ஒரு உள்ளங்கை. பக்கத்தில் இன்னொன்று. தலைக்கு மேலே மூன்று.

எண்ணினாள்.

நாற்பதைத் தாண்டியும், கூரைக்கு மேலே கைகள் விரிந்துகொண்டே இருந்தன. இடுப்புக்குக் கீழே, வளையல் போட்ட ஒரு சின்னக் கை நீண்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.