சும்மா தட்டு

சும்மாவில் ஏதோ இருந்தது.

அவள் முதலில் நம்பவில்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, இமைகளை இறுக மூடித் திறந்து, மறுபடி குனிந்தாள். வெள்ளை வடிதாளின் ஓரத்தில், கண்ணாடியை உருக்கி இழுத்தது போல நிறமற்ற ஓர் இழை, ஒரு முனை லேசாக வளைந்து, படுத்திருந்தது.

இருக்கக் கூடாது. சும்மாவின் வேலையே ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான். பிரசவம் முடிந்த பெண்கள் சம்மதித்துக் கொடுக்கும் நஞ்சுக்கொடிகள் மருத்துவமனையிலிருந்து கண்ணாடிக் குடுவைகளில் வரும். அவற்றில் ஒரு துண்டை மாதிரியாக வெட்டி, காரத்தில் கரைத்து, வடிகட்டி, தாளில் தங்கும் பிளாஸ்டிக் துகள்களை எண்ணுவது அந்த ஆய்வகத்தின் வேலை. எண்ணும்போது பக்கத்திலேயே இன்னொரு ஈர வடிதாளைக் கண்ணாடித் தட்டில் திறந்து வைப்பார்கள். காற்றிலிருந்தோ உடையிலிருந்தோ தலைமுடியிலிருந்தோ உதிர்வது அதிலும் விழும். விழுந்ததை மொத்தக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். பாடப்புத்தகத்தில் அந்தத் தட்டுக்கு வேறு பெயர் உண்டு. புதிதாக வந்த யாரோ "இது எதுக்கு?" என்று கேட்க, "சும்மா" என்று பதில் வந்ததிலிருந்து ஆய்வகத்தில் அதன் பெயர் சும்மா.

அவளுக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது. பஞ்சு. சேர்ந்த முதல் நாள் பளபளவென்று பாலியெஸ்டர் உடுத்தி வந்து வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள், மறுநாள் தலையணை உறையைத் தைத்துப் போட்டது போன்ற ஒரு பருத்தி உடையில் வந்து நின்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே எல்லோரும் பருத்திதான். மேலே போடும் அங்கிக்கு அடர்ந்த ரோஜா நிறச் சாயம். அதிலிருந்து நூல் உதிர்ந்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இழைக்கு நிறமே இல்லை.

"அண்ணா, சும்மால ஒண்ணு இருக்கு."

ஊசியண்ணன் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். "சும்மாவைக்கூடச் சும்மா இருக்க விடமாட்டேங்கிறியே, பஞ்சு."

"நான் ஒண்ணும் பண்ணலண்ணா."

"தலையில என்ன கட்டியிருக்கே?"

"பருத்தி ரிப்பன்."

"அப்போ ஏதோ காத்துல வந்திருக்கும். விடு."

சந்தேகமான இழை எதுவானாலும் கடைசியில் அவரிடம்தான் போகும். அறையின் கோடியிலுள்ள சிறிய ஊசியறைக்குள் போய், ஊசிமுனையை ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, நுண்ணோக்கியில் பார்த்தபடியே இழையின் அருகில் கொண்டுபோவார். பருத்தி என்றால் கருகும். பிளாஸ்டிக் என்றால் சுருண்டு உருகும். அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்றை விட்டார் என்ற பேச்சும் கிடையாது. அன்று அந்த இழை சுருண்டது. அவள் அந்த நேரம் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். இடுப்புக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, ஏழாம் மாதம் அல்லவா, இழுக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சும்மாவில் இன்னும் சில. அதற்கடுத்த நாள், எண்ணுவதற்குத் தாளில் கட்டம் போட வேண்டிய அளவுக்கு.

ஆய்வகத் தலைவர் கத்துகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதுதான் கோபம். "சும்மாவில மாதிரியைவிட அதிகமா இருந்தா, நாம எண்ணினது எல்லாமே குப்பைதான். எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிங்க" என்று துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் தேடினாள். ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியை அடைத்தாள். மின்விசிறியும் ஏசியும் ஏற்கெனவே நிறுத்தப்பட்டவைதான். காற்று அசைந்தால் இழை பறக்கும் என்பதால் அந்த அறையில் எப்போதும் ஒரு மூடிய அலமாரியின் புழுக்கம் இருந்தது. காரத்தில் கரையும் சதை சோப்பு காய்ச்சுவது போல மணக்கும். மூலையில் வடிகட்டும் பம்ப் டுக், டுக், டுக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். மருத்துவரின் அறையில் வயிற்றில் கருவியை வைத்தபோது கேட்ட சத்தத்தைவிட இது கொஞ்சம் மெதுவானது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஒருமுறை தோன்றி, உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள்.

முதல் குழந்தை மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. இது தங்க வேண்டும். அதற்காக அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. பிளாஸ்டிக் தண்ணீரில் இருக்கிறது, உப்பில் இருக்கிறது, வீட்டுத் தூசியில் இருக்கிறது, சூடான சாப்பாட்டை வைக்கும் டப்பாவிலிருந்து உதிர்கிறது, மூச்சோடு உள்ளே போகிறது. ரத்தத்தில் பார்த்திருக்கிறார்கள், நுரையீரலில் பார்த்திருக்கிறார்கள். நஞ்சுக்கொடியில் இருப்பதை அவளே தினமும் பார்க்கிறாள். உள்ளே போய் என்ன செய்யும் என்பதுதான் தெளிவாக இல்லை. வீக்கத்தை உண்டாக்கலாம். ஹார்மோன்களைக் குழப்பலாம். குழந்தையின் எடையைக் குறைக்கலாம். அவள் படித்த கட்டுரைகளெல்லாம் லாம், லாம் என்றே முடிந்தன. அந்த 'லாம்' அவளைத் தூங்க விடவில்லை. டப்பாக்கள், குடங்கள், வாளி, சீப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே போயின.

"வீட்ல இனிமே பிளாஸ்டிக்குன்னு மிச்சம் இருக்கிறது உங்கம்மாவைப் பார்த்தா நான் சிரிக்கிற சிரிப்பு மட்டும்தான்" என்றான் கணவன். பேருந்து பணிமனையில் மெக்கானிக். அவன் சட்டையையும் அவள் வாசலிலேயே கழற்றச் சொல்லியிருந்தாள்.

பரிசோதனைக்காக அவள் விடுப்பு எடுத்த நாளில் மருத்துவர் அளவு நாடாவை வயிற்றின் மேல் இரண்டாவது முறை வைத்துப் பார்த்தார். "போன தடவை இருந்த அளவுதான் இருக்கு. பயப்படாதீங்க. அடுத்த தடவை பார்ப்போம்."

அன்று ஆய்வகத்தில் சும்மா சுத்தமாக இருந்ததாம்.

அதைச் சொன்னபோது ஊசியண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தப்பா நினைக்காதேம்மா. நீ வந்தா வருது. வராட்டி இல்ல."

"என் மேல எதுவுமே இல்லண்ணா. எல்லாமே பருத்தி."

"தெரியும். அதான் எனக்கும் புரியல."

அதற்குப் பிறகு அவள் சும்மாவைப் பார்க்கும் விதம் மாறியது. எண்ணுவதை விட்டுவிட்டு, இழைகள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்த்தாள். காற்றில் விழும் இழை தாறுமாறாகத்தான் விழும். இவை அப்படி இல்லை. வாரிவிட்ட தலைமுடி போல எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தன. அவள் பக்கம். தட்டை மெல்லச் சுற்றி வைத்தாள். மாதிரிகளில் வேலை பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பி, பம்ப் அடிப்பதைக் கேட்டபடி காத்திருந்து, குனிந்தாள். ஈரத்தாளில் ஒட்டியிருந்த இழைகள் மறுபடி அவள் பக்கம் திரும்பியிருந்தன.

நிலைமின்சாரம். பிளாஸ்டிக்கில் அது இயல்பு. பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கவில்லையா.

ஈரத்தில் நிலைமின்சாரம் நிற்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மாலையில் மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே, மேசை விளக்குகளுக்கு அப்பால் எல்லாம் பழுப்பாக மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியண்ணன் தேநீருக்காகக் கீழே போயிருந்தார். திரும்பி வந்து அன்றைய சும்மாவை முழுவதும் பார்த்துவிடுவதாகத் தலைவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முன் ஒன்றே ஒன்றை அவளே பார்த்துவிட நினைத்தாள். தெரிந்துகொண்டால் நிம்மதி.

தட்டைத் தன் நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில் ஊசிமுனை சிவந்து, சிவப்பு அடங்கும் வரை பொறுத்தாள். நுண்ணோக்கிக்குள் ஊசி ஒரு கரிய தூண் போல ஓரத்திலிருந்து நுழைந்தது. ஓர் இழையின் அருகே போனது. தொடுவதற்கு முன்பே இழை சுருங்கி, ஒரு சுருளாகி, துளியாகி நின்றது. எரிந்த பிளாஸ்டிக்கின் கசப்பான மணம் மூக்கின் உட்புறத்தைத் தொட்டது.

வயிற்றுக்குள் குழந்தை சுருண்டது.

உதை இல்லை. உதை அவளுக்குத் தெரியும். விலாவுக்குக் கீழே குதிகால் முட்டுவது தெரியும், விக்கல் தெரியும், புரள்வது தெரியும். இது வேறு. தீ பட்ட கையை இழுத்துக்கொள்வது போல.

தற்செயல். குழந்தைகள் அசையத்தான் செய்யும்.

இன்னொரு இழை. ஊசியைக் காய்ச்சினாள். கொண்டுபோனாள்.

மறுபடி.

ஊசியை மறுபடி காய்ச்சினாள். மூன்றாவது இழையைத் தொடப் போவதில்லை. பக்கத்தில் காட்டி உடனே எடுத்துவிடப் போகிறாள். காட்டினாள். இழையின் முனை சுருண்டது. ஊசியை எடுத்தாள். முனை மெல்ல, மிக மெல்ல, நிமிர்ந்தது.

பிளாஸ்டிக் நிமிராது. சுருண்டால் சுருண்டதுதான்.

வயிற்றுக்குள்ளும் ஒன்று நிமிர்ந்தது.

ஊசியைக் கீழே வைத்தாள். விளக்கை மூடியால் அணைத்தாள். தட்டைக் கண்ணாடி மூடியால் மூடினாள். ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்தாள், ஒழுங்கு தவறினால் கத்திவிடுவோம் என்பது போல. பிறகு வயிற்றைப் பிடித்தபடி கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாந்தி எடுத்தாள்.

கைபேசி அடித்தது. கணவன்.

"கண்ணு, வாசல்ல நிக்கிறேன். கிளம்பலாமா? உள்ள இருக்கிறவர் என்ன சொல்றார்?"

அவள் அசையாமல் நின்றாள். வயிற்றுக்குள் அமைதி. "தூங்குறார்."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒரு தட்டை எடுத்துட்டு வந்துடுறேன்."

"தட்டா? வீட்ல இருக்கிறதெல்லாம் பத்தலையா?"

"எடுத்துட்டு வந்துடுறேங்க."

சிரித்துக்கொண்டே வைத்தான். தட்டை அங்கியில் மறைத்து வெளியே கொண்டுபோவது. பத்திரமாக, குளிர்ச்சியாக, சூடே படாத ஓர் இடத்தில் வைப்பது. அதற்குப் பிறகு என்ன என்று அவள் யோசிக்கவில்லை. நடைவழியின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

அவள் மேசையில் தட்டு இல்லை.

தட்டு இருந்த இடத்தில் ஈரமான ஒரு வட்டம். அறையின் கோடியில், ஊசியறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு.

அந்த விளக்கு எரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது. திறக்கவும் முடியாது. காற்று புகாதபடி ஓரங்களில் ரப்பர் வைத்து, உள்ளேயிருந்து இறுக்கும் தாழ்ப்பாள். மேல் பாதி தடித்த கண்ணாடி. அதற்குள் ஊசியண்ணனின் ரோஜா நிற முதுகு தெரிந்தது. அவர் எதிரே மூடி திறந்த தட்டு. நீலச் சுடர்.

"அண்ணா!"

டுக், டுக், டுக் என்றது பம்ப்.

அவள் ஓடினாள். பாதி அறையைக் கடக்கும்போது அவர் தோள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. எப்போதும் அப்படித்தான் சாய்வார், தொடும்போது.

வயிற்றுக்குள் சுருண்டது.

மேசையைப் பிடித்துக்கொண்டாள். குடுவை ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. சோப்பு மணம் எழும்பியது. மேசையை விட்டாள். நடந்தாள். மறுபடி தோள் சாய்ந்தது.

மறுபடி.

இந்த முறை நிமிரவில்லை. சுருண்டது சுருண்டபடியே, ஒரு பக்கமாக ஒதுங்கி, கல்லாக நின்றது.

கதவை அடைந்து இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்தாள். அறைந்தாள். "அண்ணா, வேணாம். வேணாம்ணா. அது பிளாஸ்டிக் இல்ல." மூச்சு கண்ணாடியில் படிந்து பனித்தது. பனிப்பில் ஏதோ மின்னியது. நிறமற்ற, நுண்ணிய, எண்ண முடியாத இழைகள். எல்லாம் உட்பக்கம் பார்த்து.

கண்ணாடி அதிர்ந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பினார். பனித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அசையும் அவள் உதடுகளைப் பார்த்தார். அவற்றில் ஒரு சொல் மட்டும் புரிந்தது போல அவர் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டினார். ஆமாம், பிளாஸ்டிக்தான். நீ சொன்னது சரி.

பிறகு உள்ளங்கையைக் காட்டி, பொறு என்றார். தட்டைச் சுட்டினார். அவர் வாய் நிதானமாக, அவளுக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறையோடு, ஒவ்வொரு சொல்லாக அசைந்தது.

ஒண்ணு விடாம பார்த்துடுறேன்.

அவள் கண்ணாடியோடு சறுக்கி முழங்காலில் விழுந்தாள். இரண்டு கைகளும் வயிற்றைத் தேடின. காலையில் இருந்த இடத்தில் அது இல்லை. அங்கியின் கீழே, இடது விலாவுக்கு அடியில், ஒரு கைப்பிடி அளவுக்கு, இறுகி, சூடாக.

மேலே, கண்ணாடியின் வழியே, நீலச் சுடருக்குள் ஊசி மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.