மழையில் இறுகிய தோல்

மழைக்காலத்தில் பச்சைத்தோல் தளர வேண்டும். அதுதான் அதன் குணம். ஆனால் காசிமின் உள்ளங்காலுக்கு அடியில், காரின் தரையில் விரித்த சாக்குக்குக் கீழே, அது தப்பட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. இறுகிக்கொண்டும் இருந்தது.

கோவண்டி ஊரை விட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின் சீட்டில் காசிமுக்குப் பக்கத்தில் அவர் மகள் நூர் நிஷா பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ரயில் ஓடவில்லை. டாக்ஸிக்காரன் எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. மான்குர்த் போய்த் திரும்பிய மகாதேவன்தான், நடுரோட்டில் நின்று கையை ஆட்டிய காசிமைக் கண்டு வண்டியை நிறுத்தினார். மாட்டுங்காக்காரர், ஆபீஸ் உத்தியோகம், நல்ல மனுஷன். காசிம் யாரையும் நம்புகிறவரல்ல. அந்த வண்டியைச் சுத்தமாக நம்பவில்லை. அதற்கு ஒட்டுப்போட்டவரே அவர்தானே.

"என்ன பாய், வாயே திறக்க மாட்டேங்கறேள்? யானை ஏறினாலும் தாங்கும்னு சொன்னது நீங்கதான். இப்போ ரெண்டே பேர் ஏறினதுக்கு இப்படி முழிக்கறேளே!"

"மெதுவா போங்க சாமி. பள்ளம் கிடக்கு."

உலகச் சண்டை நடந்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் உப்பளத்து ஓரம் நாலு வருஷம் நின்ற வண்டி. போன மாசம் காசிமின் தாராவிப் பட்டறைக்கு வந்தபோது சீட்டைத் தூக்கினார். துருவேறிய தரை அப்பளமாக நொறுங்கியது. குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினார். கணீரென்று பேச வேண்டிய இரும்பு நனைந்த பலகையாகத் தொப்பென்றது. பர்மிட் இல்லாமல் ஒரு முழத் தகடு வாங்க முடியாது. குதிரை வண்டி முறிந்தால் செய்கிற வேலையைக் காருக்கும் செய்துவிட்டார். தோல் கிடங்கில் வேண்டாமென்று கழித்துப்போட்ட எருமையின் வயிற்றுத் தோலை, உப்புக்கூட உதிர்க்காமல், ஈரத்தோடு இழுத்துக் கட்டினார். காய்ந்தால் இரும்புப் பிடிதான். மேலே தார் பூசி, "புதுத் தகடு, சாமி" என்றார். பிராமணர் வண்டிக்குள் பச்சைத்தோல் என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது சொன்னால் நடுவழியில் இறக்கிவிடுவார். சொல்லாவிட்டால் தரை போகும். காசிம் சாக்கைக் காலால் இழுத்துச் சரியாக மூடினார்.

செம்பூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் சேற்று வெளி. பட்டப்பகல் மூன்று மணி, ஆனால் மழை ஊற்றிய ஊற்றில் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் அழுக்குச் சாம்பலாகக் கரைந்து, தாரும் பெட்ரோலும் நனைந்த சாக்கும் கலந்த நாற்றத்துக்கு நடுவே இன்னொரு வாடை மெல்ல எழுந்து வந்தது. தோல் கிடங்கின் வாடையல்ல, வெந்நீரும் வேப்பிலையும் ரத்தமும் கலந்த பிள்ளை பெற்ற வீட்டு வாடை. கூடவே காலுக்குக் கீழே ஒரு சத்தம். தொம். தொம். புகைக்குழாய் கழன்று தட்டுகிறது என்று காசிம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"வாப்பா, காலுக்குக் கீழ சுடுது."

"எஞ்சின் சூடு, மக்கா."

"எஞ்சின் முன்னாலல்லா இருக்கு?"

காசிம் தன் காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.

தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு ஏறியது. வண்டி இரண்டு முறை இருமி, நின்றது. மகாதேவன் ஏதோ முணுமுணுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, முன்மூடியைத் தூக்கினார்.

எஞ்சின் ஓடவில்லை. குழாய் அசையவில்லை.

தொம். தொம். தொம்.

வேகமாக. மிக வேகமாக. சின்ன நெஞ்சு அடிக்கிற வேகம்.

"வாப்பா..." நூர் நிஷாவின் குரல் தெளிவாக இருந்தது. காலையிலிருந்து இல்லாத தெளிவு. "வலி நின்னுட்டு."

திரும்பினார். சேலை அவள் வயிற்றில் தட்டையாகப் படிந்திருந்தது. ரத்தம் இல்லை. ஒரு சொட்டு இல்லை.

சாக்கு எழும்பியது.

பிடித்து இழுத்தார். தார் வெடித்துச் சில்லுச்சில்லாக விழுந்தது. அடியில் தோல். ஈரத் தோல். நிறைமாச வயிறாக உருண்டு, பளபளத்து, மூச்சு விட்டது. உள்ளேயிருந்து ஒரு குதிகால் அதை முட்டி, இடமிருந்து வலமாக, மெதுவாக நகர்ந்தது.

நூர் நிஷா குனிந்தாள். தன் வயிற்றைத் தடவுவது போல அதைத் தடவினாள்.

"கிளம்பிடும் பாய்!" மகாதேவன் முன்மூடியைச் சாத்திவிட்டு நனைந்தபடி உள்ளே ஏறினார். எஞ்சின் உறுமியது. "இன்னும் பத்து நிமிஷம்!"

"வேண்டாம் சாமி! ஓட்டாதீங்க!"

வண்டி குலுங்கி நகர்ந்தது. அடியில் குறுக்குச் சட்டம் கிறீச்சிட்டது. தோல் ஒரு விரல் கீழே தொய்ந்தது. இன்னொரு விரல். அதன் ஓரத்தில் விழுந்த துளை வழியே ரோட்டுத் தண்ணீர் தெரிந்தது.

காசிம் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் அதற்கு அடியில் நுழைத்தார். சூடு. கனம். உள்ளங்கையில் ஒரு உதை.

அவர் விரல் பட்ட இடமெல்லாம் இரும்பு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.