ஆறாத இன்ஜின்

இன்ஜின் சூடாக இருந்தது.

இல்மாரி கையுறையைக் கழற்றிவிட்டு, மஞ்சள் பானெட்டின் மேல் மறுபடியும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிற்பகல் இரண்டரை மணிதான் ஆகியிருந்தது. சூரியன் அதற்குள் காட்டுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. மைனஸ் இருபத்து மூன்று டிகிரிக் குளிரில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இதுவோ அடுப்பிலிருந்து இறக்கிவைத்த பாத்திரம் போலக் கதகதவென்று இருந்தது.

பனி அள்ளித் தள்ளும் பழைய வீல் லோடர் வண்டியை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைப்பது ஒன்றுதான்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆறிக் கிடக்கும் இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் வண்டியின் வண்டவாளம் தெரியும். இல்மாரியும் போனில் சொல்லியிருந்தார். "கவலையே வேண்டாம், அந்தச் சாவிய மூணு வாரமா யாரும் தொடல" என்று ஹில்மா உறுதி கொடுத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்த அம்மாளின் கணவர் வில்ஹோ, இதே வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, இதே வண்டியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

பொய் சொல்கிறாரே என்று சுருக்கென்றது. கேட்டிருக்கலாம். ஆனால் புருஷனைப் பறிகொடுத்த பெண்பிள்ளையிடம் போய் "ஏன் பொய் சொன்னீர்கள்" என்று கேட்பவனை அந்தப் பக்கத்தில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். அடுத்தவர் துக்கத்தைக் கிளறாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் அங்கே மரியாதை. இல்மாரியும் மரியாதைக்காரராகவே நின்றார். அவர் செய்த தப்பு அதுதான்.

"என்ன, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி தடவிக்கிட்டே நிக்கிற?" காரிலிருந்து இறங்கிய ஐலா கேட்டாள். "ஊர்ல ரிட்டயர் ஆன புருஷனெல்லாம் மீன் பிடிக்கிறான். எனக்கு வாய்ச்சது ஏழு டன்ல பொம்மை கேக்குது."

"மீனுக்குக் குளிர்ல ஏரிக்குப் போய் ஐஸ்ல ஓட்டை போடணும். இதுன்னா வாசல்லயே விளையாடலாம்."

"விளையாடு, யார் வேண்டாம்னா? சாயங்காலம் சாப்பாட்டுக்கு எதிர்ல வந்து உக்காந்தாப் போதும்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். காகித ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் ஷிப்ட் வேலை. பாதி நாள் சாப்பாட்டை ஐலா தனியாகவே முடித்திருக்கிறாள். வேலையிலிருந்து விடுபட்ட அன்று, இனி ஒரு நாளும் உன்னைத் தனியாகச் சாப்பிட விடமாட்டேன் என்று இல்மாரி வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு அது விளையாட்டு வாக்கு இல்லை.

படியில் நின்றிருந்த ஹில்மா கூப்பிட்டார். "நீங்க உள்ள வாங்கம்மா, காபி சூடா இருக்கு. அவர் ஓட்டிப் பாக்கட்டும். நல்லா உக்காந்து, நிதானமாப் பாக்கட்டும்."

"இவரை விட்டா ராத்திரி வரைக்கும் இறங்க மாட்டாருங்க."

"அதனால என்ன? பனிக்கா பஞ்சம்?" என்றார் ஹில்மா.

பெண்கள் உள்ளே போனார்கள். இல்மாரி வண்டியைச் சுற்றி வந்தார். எண்ணெய் சுத்தமாக இருந்தது, குழாய்களில் கசிவு இல்லை, முன்னால் பனி அள்ளும் பக்கெட்டைப் பிடித்திருக்கும் இரும்பு முளைகளில் ஆட்டம் இல்லை, வண்டி நடுவில் மடங்கும் இணைப்பு புதிதுபோல இறுக்கமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் வாசலைக் கவனித்தார். நேற்று ராத்திரி முழங்கால் உயரத்துக்குப் பனி விழுந்திருந்தது, வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதானே வந்தார்கள்? இந்த வாசல் மட்டும் துடைத்துவிட்டாற்போலச் சுத்தமாக இருந்தது. ஆனால் கேபினுக்கு ஏறும் படியில் நான்கு விரல்கடை பனி அப்படியே கிடந்தது. அதில் ஒரு காலடி கூடப் பதியவில்லை.

ஏறாமல் ஓட்டியது யார்?

பக்கத்துப் பண்ணைக்காரன் வேறு வண்டியில் வந்து தள்ளியிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சிவப்புக் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு ஏறினார். உள்ளே ஈரக் கம்பளியும் டீசலும் பழைய காபியும் கலந்த வாடை, யாரோ இப்போதுதான் மூச்சுவிட்டு எழுந்துபோனதுபோல் அடர்ந்து நின்றது. இருக்கை குழிந்திருந்தது. அதுவும் சூடாக இருந்தது. கதவுக் கண்ணாடியின் உட்புறத்தில் ஐந்து விரல்கள் மேலிருந்து கீழாக இழுத்த தடம்.

சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது.

உண்மையைச் சொன்னால், அடுத்த பத்து நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தார். பக்கெட் பனியை வெண்ணெயாக வழித்து எடுத்தது. வண்டி இடுப்பை ஒடித்துத் திரும்பியபோது அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வேலி ஓரத்துப் பனியைத் தள்ளிக் குவித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் சமையலறை ஜன்னலில் ஐலா தெரிந்தாள், எதிரே ஹில்மா. போதும், இறங்கலாம் என்று நினைத்தார். வண்டி இன்னொரு முறை வேலிக்குப் போனது. இதுதான் கடைசி என்று நினைத்தார். கை ரிவர்ஸ் போட்டது. அவர் போடவில்லை, கை போட்டது.

திரும்பியபோது ஜன்னலில் மூன்று பேர் இருந்தார்கள்.

மூன்றாவது ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. ஐலா அவருக்குப் பின்னிக் கொடுத்த தொப்பி. இல்மாரியின் காது குளிர்ந்தது. தலையில் ஒன்றும் இல்லை.

ஐலா அவன் தோளில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். அவன் திரும்பினான்.

இல்மாரியின் முகம்.

கத்தினார். சத்தம் வரவில்லை. கதவைத் தேடினார். கைப்பிடி அசையவில்லை. கண்ணாடியை அறைந்தார், பிறாண்டினார். ஐந்து விரலும் அந்தப் பழைய தடத்தில் அச்சாகப் பொருந்தின. மறுபடி வேலி. மறுபடி ரிவர்ஸ்.

வாசற்கதவு திறந்தது. அவன் ஐலாவின் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டான். ஹில்மாவிடம் கைகுலுக்கினான். ஐலா சிரித்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறுமுன் ஒருதரம் வண்டியை அண்ணாந்து பார்த்தாள். ஐலா, நான் இங்கே. இங்கே பார். ஐலா!

அவள் கையசைத்தாள். யாரோ ஒரு வேலைக்காரருக்கு அசைப்பதுபோல.

காரின் சிவப்பு விளக்குகள் மரங்களுக்கு இடையில் போய்விட்டன. சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

ஹில்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து நின்றார். இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் குரல் காதோரத்தில் பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

"வில்ஹோ, அந்த மூலை பாக்கி இருக்கு பாரு."

இல்மாரி ஐலாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். ஸ்டியரிங்கிலிருந்த இடது கை, வெகுநாள் பழக்கம்போல, ஹில்மாவுக்குச் சரி என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டியது. பின் வண்டியை மூலைக்குத் திருப்பியது.